துரை மகன் அளவு

எங்கள் ஊரில் கல்யாணத்துக்குக் கோட்டுப் போடும் பையனின் அளவுக்குக் கோட்டைத் தைப்பதில்லை. கோட்டின் அளவுக்குப் பையனைத் தைப்பார்கள். கோட்டு ஒன்றுதான் இருந்தது. பையன்கள் நிறைய இருந்தார்கள். எது அரிதோ அதில் கத்தரி வைக்கக் கூடாது என்பது எந்தத் தையற்காரருக்கும் தெரிந்த விஷயம்.

கருநீலக் கோட்டு அது. நான்கு பித்தளைப் பித்தான்கள், விறைத்த காலர், கூடவே அதே துணியில் ஒரு அரைக்கால் டிராயர், எலாஸ்டிக் வைத்த ஒரு சிவப்பு டை. பஞ்சு ஜின்னிங் பேக்டரித் துரையின் மகன் எட்டு வயதில் போட்டுக்கொண்டது. நாட்டுக்கு விடுதலை வந்தபோது துரை தன் மகனையும் நாயையும் பியானோவையும் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். கோட்டை விட்டுவிட்டுப் போனார். மகன் அதற்குள் வளர்ந்துவிட்டான் என்பதுதான் காரணம். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. ஊர்ப் பொதுக் கமிட்டி அதை ஒரு தகரப் பெட்டியில் அந்துருண்டை போட்டுப் பத்திரப்படுத்தியது. பேக்டரிக் கம்பத்தில் கொடி மாறியது. அளவு மாறவில்லை.

அதன்பின் பதினெட்டு வருஷம் எங்கள் ஊரில் நடந்த ஒவ்வொரு கல்யாணத்திலும் மணப்பெண்ணின் தம்பி அந்தக் கோட்டுக்குள் நின்றான். அந்தக் கல்யாணப் போட்டோக்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் நிற்பது ஒரே பையன். முகம் மட்டும் வேறு வேறு.

பெண்ணின் தம்பிக்கு எங்கள் ஊரில் பெரிய அதிகாரம் இருந்தது. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்து நின்று அவனிடம், "பொண்ணைத் தரலாமா?" என்று மூன்று முறை கேட்க வேண்டும். மூன்றில் ஒரு முறை அவன் மறுத்தாலும் கல்யாணம் நின்றுவிடும். பஞ்சாயத்துத் தலைவருக்குக்கூட இவ்வளவு அதிகாரம் கிடையாது. ஒரு சிறுவன் கையில் அதைக் கொடுத்த ஊர், கூடவே கோட்டையும் கொடுத்தது. அதனால் யாரும் மறுத்ததில்லை.

பெண்ணிடம் கேட்கும் முறை கிடையாது.

என் அக்கா உலகம்மாளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது எனக்குப் பத்து வயது. வியாழக்கிழமை அப்பா என்னை ஞானமுத்து டெய்லர் கடைக்குக் கூட்டிப் போனார். கமிட்டியின் காரியதரிசி சங்கரநயினார் தகரப் பெட்டியோடு முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார். ஞானமுத்து முதலில் கோட்டை அளந்தார். அதன் அளவு தெரியாமல் இல்லை. மரியாதைக்கு அளந்தார். பிறகு சாக்பீஸை எடுத்து என் மேல் கோடு போட்டார்.

"பையனுக்கு என்னென்ன வேலை இருக்கு?" என்றார்.

"வாசல்ல நின்னு பன்னீர் தெளிக்கணும். பெரியவங்க கால்ல விழணும். மூணு தடவை தலையாட்டணும்," என்றார் அப்பா.

"மேலயும் கீழயும்தானே?"

"பின்ன என்ன, பம்பரம் மாதிரியா?"

"கையைத் தோளுக்கு மேல தூக்குற வேலை?"

"பன்னீருக்கு எதுக்கு அம்புட்டு உயரம்?"

"பேசுற வேலை?"

"இவன் என்னத்தப் பேசப் போறான், அண்ணாச்சி."

"உட்கார்ற வேலை உண்டா?"

"பந்தியில உட்காரணும்லா."

"அப்ப அதை மட்டும் விட்டுருதேன்."

தோளில் ஒன்றரை அங்குலம் பிடித்தார். வயிற்றில் இரண்டு டாட் மடிப்பு. முழங்காலுக்குக் கீழே மூன்று அங்குலத்தை உட்புறமாக மடித்து அடித்தார். கை மேலே போகிற வழியை அக்குளில் நான்கு தையலில் அடைத்தார். பேச்சைக் காலர் பித்தானுக்கு அடியில் நிறுத்தினார். கடைசியாகப் பிடரியில் ஒரு நூலோட்டம் ஓட்டினார். அதற்குப் பிறகு என் தலை மேலும் கீழும் மட்டும் போனது. வலிக்காது. அரிக்கும். அரிக்கிற இடத்துக்குக் கை எட்டாது, அதையும் தைத்திருப்பார்.

"வளர்ற பையன். உள்ளுக்குள்ள தாராளமா விட்டிருக்கேன். விசேஷம் முடிஞ்சதும் செவ்வாக்கிழமை கூட்டியாங்க, பிரிச்சு விட்டிருவோம்," என்றார் ஞானமுத்து.

செவ்வாய்க்கிழமை கூட்டிப் போக மறந்த வீடுகளும் உண்டு. அப்படிப் பிரிக்காமல் விடப்பட்ட ஏழு பேரை எனக்குத் தெரியும். ஒருவர் தாசில்தார் ஆனார். இருவர் பாங்கு மேனேஜர்கள். ஒருவர் எப்போதும் ஆளும் கட்சியில் இருந்தார், எந்தக் கட்சி ஆண்டாலும். மற்ற மூவரும் என்ன செய்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது; ஆனால் அவர்களுக்கு ஆளுக்கொரு கார் இருக்கிறது. துரை மகன் அளவில் இருப்பவனுக்கு இந்த நாட்டில் எந்த நாற்காலியும் பொருந்தும்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் பாளையங்கோட்டைக்கு வந்து ஆசிரியப் பயிற்சியில் சேரும்படி அக்காவுக்கு ஒரு கார்டு வந்திருந்தது. அப்பா அதை வாசித்துப் பார்த்தார். நல்ல கையெழுத்து என்றார். ஆடிக்கொண்டிருந்த பீரோவின் காலுக்கு அடியில் அதை மடித்து வைத்தார். பீரோ ஆடவில்லை. மாப்பிள்ளை ஆவுடையப்பன் தாலுகா ஆபீசில் டைப்பிஸ்ட். படித்தது போதும், இதற்கு மேல் படித்தால் வீட்டில் யார் இருப்பார்கள் என்று அவர்கள் வீட்டில் சொல்லிவிட்டார்கள். அவருக்கு இரண்டு அண்ணன்கள், இரண்டு அண்ணிகள், அம்மா, ஒரு விதவை அத்தை. எல்லாரும் வீட்டில்தான் இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மண்டபத்தில் பெண் அலங்கரிக்கும் அறைக்கு அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். கூட இருந்தவர்களை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

"ஏல கோமதி, மூணுல ஒரு தடவை இல்லைன்னு ஆட்டிருல. ஒரே ஒரு தடவை போதும்."

கோமதி நான்தான்; எங்கள் பக்கம் பையன்களுக்கும் அந்தப் பெயர் வைப்பார்கள். பேச முடியாததால் என் பிடரியைத் திருப்பிக் காட்டினேன். அவள் தையலை விரலால் தடவிப் பார்த்தாள்.

"பீரோக் காலுக்கு ஒரு அட்டை. எனக்கு ஒரு டைப்பிஸ்ட். உனக்கு ஒரு கோட்டு," என்றாள். "அசையாம நில்லு."

தலையில் இரண்டு முழம் மல்லிகையும் முதுகில் ஜடை நாகமும் கனக்க, அவள் பிளேடால் ஞானமுத்துவின் நூலை அறுத்தாள். முகூர்த்தப் புடவையின் ஓரத்திலிருந்து ஒரு சிவப்புப் பட்டு இழையை உருவினாள். பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் அவளுக்கு எப்போதும் முதல் பரிசு. என் தலை இட வலமாகப் போகும்படி புதிதாக ஒரு தையல் போட்டாள். ஆட்டிப் பார்க்க நேரம் இல்லை. வெளியே அம்மா கதவைத் தட்டினாள். "பன்னீர் தெளிக்க ஆள் இல்லாம எல்லாரும் காஞ்ச தலையோட வந்து உட்காருதாங்க, அவனை அனுப்புடி!"

நான் வாசலில் நின்று பன்னீர் தெளித்தேன். வந்தவர்கள் எல்லாரும், "அச்சு அசல் துரை மகன்," என்று சொல்லி என் கன்னத்தைக் கிள்ளினார்கள். கோட்டுக்கு வெளியே கிள்ளுவதற்கு இருந்தது அது ஒன்றுதான்.

மணவறையில் மாப்பிள்ளை ஏற்கனவே தன் மணையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து மணை அக்காவுக்காகக் காலியாக இருந்தது. அவருடைய தாய்மாமன் பிச்சுமணி எழுந்து மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். சபை அமைதியானது.

"பொண்ணைத் தரலாமா?"

நான் என் முழுப் பலத்தையும் கூட்டித் தலையை ஆட்டினேன். அப்போதுதான் அக்காவின் தையலில் இருந்த பிசகு தெரிந்தது. இல்லை என்று சொல்ல முகம் இடப்பக்கம் திரும்பி, வலப்பக்கம் திரும்ப வேண்டும். என் முகம் திரும்பவில்லை. தலை சாய்ந்தது. இடது காது இடது தோளுக்குப் போனது, வலது காது வலது தோளுக்குப் போனது. இடம், வலம், இடம், வலம். எங்கள் ஊரில் அப்படித் தலையை ஆட்டினால் "ஆகட்டும், அதுக்கென்ன, நல்லாச் செய்யலாம்" என்று பொருள். வெறுமனே மேலும் கீழும் ஆட்டுகிற சம்மதத்தைவிட அது பத்து மடங்கு பெரிய சம்மதம்.

"பாருங்கய்யா, எம்புட்டுச் சந்தோஷம் பயலுக்கு!" என்றார் பிச்சுமணி.

இரண்டாம் முறை கேட்டார். நான் இன்னும் வேகமாக மறுத்தேன். டை அறுந்து விழுகிற அளவுக்கு மறுத்தேன். அம்மா ஆனந்தக் கண்ணீர் விட்டாள். சங்கரநயினார் பக்கத்தில் இருந்தவரிடம், கோட்டின் சரித்திரத்திலேயே இப்படி ஒரு உற்சாகத்தைப் பார்த்ததில்லை என்றார். அறைக் கதவின் இடுக்கில் அக்காவின் ஒரு கண் தெரிந்தது. அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் முறை கேட்டார். நான் தலையை அசைக்கவே இல்லை. கல் மாதிரி நின்றேன். அதற்கு மௌனம் என்று பெயர். மௌனத்துக்கு எங்கள் ஊரில் என்ன பொருள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"மூணும் ஆச்சு. பொண்ணை அழைச்சுண்டு வாங்கோ," என்றார் ஐயர்.

மேலும் கீழும் ஆட்டினால் சம்மதம். பக்கவாட்டில் ஆட்டினால் அதிக சம்மதம். ஆட்டாவிட்டால் பூரண சம்மதம். இதற்குப் பிறகு நான் எத்தனையோ பேச்சுவார்த்தை மேசைகளில் உட்கார்ந்திருக்கிறேன். அவற்றிலும் ஏற்பாடு இப்படித்தான் இருந்தது. மேசை விரிப்புத்தான் கொஞ்சம் நன்றாக இருந்தது.

என்னிடம் தைக்கப்படாத ஒரு செயல் பாக்கி இருந்தது. நான் நடந்து போய் அக்காவின் மணையில் உட்கார்ந்தேன்.

மறியல், முற்றுகை, சத்தியாக்கிரகம் போன்ற சொற்களையெல்லாம் பிறகு பத்துப் பைசாத் துண்டுப் பிரசுரங்களில்தான் படித்தேன். அன்று எனக்குத் தெரிந்தது உட்காருவது மட்டும். பந்திக்காக விட்டு வைத்த உட்காருதல் அது.

"எந்திரில. அது பொண்ணு உட்கார்ற இடம்," என்றார் அப்பா.

நான் எழுந்திருக்கவில்லை.

"குண்டுக்கட்டாத் தூக்குங்கப்பா அவனை," என்றார் பிச்சுமணி. நாலைந்து பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

சங்கரநயினார் பாய்ந்து குறுக்கே நின்றார். "தொடாதீங்க! தோள் மூட்டு நைஞ்சிருக்கு. இழுத்தா கையோட வந்துரும்."

"யாரு கை?"

"கோட்டுக் கை, வேய்! பயலுக்கென்ன, நூல் போட்டாச் சரியாயிரும். கோட்டைத் தூக்கணும்னா கமிட்டித் தீர்மானம் வேணும். அஞ்சு பேர் கையெழுத்துப் போடணும்."

"போடச் சொல்லும்."

"மூணு பேர் முதல் பந்தியில இருக்காங்க. இப்பத்தான் சாம்பார் போயிருக்கு."

வந்தவர்கள் மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டார்கள். யாரும் என் மேல் கை வைக்கவில்லை. அதன்பிறகு என் வாழ்நாளில் முப்பத்தெட்டு முறை போலீசார் என்னைத் தரையிலிருந்து தூக்கியிருக்கிறார்கள். காலைப் பிடித்தும் தூக்கினார்கள், தலைமுடியைப் பிடித்தும் தூக்கினார்கள். அப்போதெல்லாம் நான் வெறும் சட்டைதான் போட்டிருந்தேன்.

முகூர்த்தம் முடிய ஆறு நிமிஷம் இருந்தது. கோட்டைத் தூக்க முடியாவிட்டாலும் கோட்டிலிருந்து பையனை எடுத்துவிடலாம் என்று ஞானமுத்து யோசனை சொன்னார். அதற்குத் தீர்மானம் தேவையில்லை. பையன் கமிட்டிச் சொத்து அல்ல. அவர் கத்தரியோடு என் முன்னால் குந்தி உட்கார்ந்து, தோள், வயிறு, முழங்கால், அக்குள் என்று ஒவ்வொன்றாகப் பிரித்தார். காலர் பித்தானைக் கழற்றியதும் வியாழக்கிழமையிலிருந்து நின்றுபோயிருந்த பேச்சு முழுவதும் ஒன்றாக வெளியே வந்தது. அது நாதஸ்வரத்தில் கேட்கவில்லை. நான் என் பத்து வயது அளவில், ஜட்டியோடு, மணவறை ஓரத்தில் நின்றேன். கோட்டு தன் டிராயரோடு மணையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. உள்ளே நல்ல கேன்வாஸ் வைத்த கோட்டு. சாய்வதற்கு அதற்குத் தெரியாது.

இப்போது மணையில் பையன் இல்லை. கோட்டைத் தூக்கக் கையெழுத்தும் இல்லை. சாம்பார் முடிந்து ரசம் போயிருந்தது.

"நேரம் போறது. மணையில யார் இருக்காளோ அவாளுக்குத்தான் மந்திரம்," என்றார் ஐயர்.

கெட்டிமேளம் கொட்டினார்கள். ஆவுடையப்பன் தாலியை வாங்கினார். தாலுகா ஆபீசில் அவர் விசைகளைப் பார்க்காமலே நிமிஷத்துக்கு ஐம்பது சொல் அடிப்பவர் என்று பெயர். தாலியையும் அப்படியே பார்க்காமல் கட்டினார். காலருக்குக் கீழே மூன்று முடிச்சு, ஒரு பிழை இல்லை. எல்லாரும் அட்சதை போட்டார்கள். நானும் போட்டேன்.

கமிட்டி உறுப்பினர்கள் மூவரும் கை கழுவிவிட்டு வந்து, நடந்ததை முன்தேதியிட்டு ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். தீர்மானத்தில் பெண் வீடு என்ற இடத்தில் ஊர்ப் பொதுக் கமிட்டி என்று எழுதப்பட்டது. சாயங்காலம் கோட்டை அதன் தகரப் பெட்டியோடும் ஒரு பொட்டலம் அந்துருண்டையோடும் மாப்பிள்ளை வீட்டுக்கு வில்வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். சங்கரநயினார் வண்டியின் பின்னாலேயே தெருமுனை வரை போனார். "வெயில்ல போடாதீங்க, சாயம் போயிரும்," என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. தன் சொந்த மகளை அனுப்பியபோது அவர் அழவில்லை என்று அவர் மனைவியே சொன்னாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் அக்கா பீரோவை ஒரு கையால் தூக்கி மறு கையால் கார்டை எடுத்தாள். பீரோ மறுபடியும் ஆட ஆரம்பித்தது. முகூர்த்தம் தவறிய பெண்ணை வீட்டில் வைத்திருப்பதைவிடப் பாளையங்கோட்டையில் வைத்திருப்பது நல்லது என்று யாரோ அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். ஆறரை மணி பஸ்ஸுக்கு நான் அவள் டிரங்குப் பெட்டியைச் சுமந்து போனேன். கைகளைத் தோளுக்கு மேல் தூக்கித் தலையில் வைத்துச் சுமந்தேன்.

பஸ் கிளம்புவதற்கு முன் என் பிடரியைத் தொட்டுப் பார்த்தாள். ஞானமுத்து தன் தையல்களை மட்டும்தான் பிரித்திருந்தார். அக்காவின் தையல் அவருக்குத் தெரியாது.

"பிரிச்சு விடட்டால?"

"பிரிச்சா என்ன ஆகும்?"

"தெரியலல. அவசரத்துல எதோட எதைச் சேர்த்தேன்னு ஞாபகம் இல்ல. தலை நிக்கலாம், நிக்காமயும் போகலாம்."

கண்டக்டர் விசிலடித்தார். அது அப்படியே இருந்துவிட்டது.

இன்றும் நான் மறுத்துத் தலையசைத்தால் அது இரண்டு பக்கமும் சாய்கிறது. நான்கு மில்களில் தொழிற்சங்கத்துக்காகக் கூலி பேசப் போயிருக்கிறேன். நான்கிலும் நான் முடியாது என்று தலையசைத்தேன். நான்கிலும் நிர்வாகம் "சங்கத்தின் பிரதிநிதி மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார்" என்று குறிப்பு எழுதியது. வாயால் முடியாது என்றும் சொன்னேன். இரண்டும் மாறுபட்டால் தலையே செல்லும் என்று ஒரு வழக்கறிஞர் விளக்கினார். விலைபோனவன் என்று என் சொந்தத் தோழர்களே சுவரில் எழுதினார்கள். எழுத்துப் பிழையோடு எழுதியிருந்தார்கள். நான்தான் கரிக்கட்டி எடுத்துப் போய்த் திருத்தினேன். சங்கத்தின் பொன்விழா மலரில், முதல் உட்காரும் போராட்டம் எழுபத்திரண்டில் நடந்ததாக ஒருவர் கட்டுரை எழுதியிருக்கிறார். அவர் அதில் உட்கார்ந்திருக்கவில்லை. பக்கத்து ஓட்டலில் உட்கார்ந்திருந்தார். ஆனால் உலகம்மாள் முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினாள். அதை எந்த மலரிலும் போட வேண்டியதில்லை.

கோட்டு போன பிறகு ஊரில் பையன்கள் அவரவர் அளவிலேயே கல்யாணங்களுக்கு வந்தார்கள். பார்க்கச் சகிக்கவில்லை என்று பெரியவர்கள் குறைப்பட்டார்கள்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் ஆவுடையப்பன் வீட்டிலிருந்து மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்று வந்தது. கோட்டு முழுகாமல் இருப்பதாகவும், ஏழாம் மாதம் நடப்பதாகவும், வளைகாப்புக்குக் குடும்பத்தோடு வர வேண்டும் என்றும் டைப் அடித்திருந்தது. பிழையே இல்லை. விடுமுறைக்கு வந்திருந்த அக்காவும் கிளம்பினாள். பிறந்த வீட்டு முறைக்குக் கமிட்டியார் ஐந்து பேரும் ஆளுக்கொரு சாதம் கிளறி எடுத்துக்கொண்டு அதே பஸ்ஸில் வந்தார்கள். புளிச்சாதம் சங்கரநயினாருடையது.

கோட்டை நடுக்கூடத்தில் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். நெற்றி இல்லாததால் காலரில் பொட்டு வைத்திருந்தார்கள்.

"வந்த நாள்ல இருந்து ஒரு எதிர்ப்பேச்சு உண்டா? மத்த ரெண்டு மருமகளும் இவகிட்ட இருந்து கத்துக்கணும்," என்றாள் மாமியார். மற்ற இரண்டு மருமகள்களும் சந்தனக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

வளையல்கள் கையில் நிற்காமல் ஒவ்வொன்றாகத் தரையில் உருண்டன. உலகம்மாள் குனிந்து பொறுக்கி, தன் புடவையிலிருந்து இரண்டு ஊக்குகளை எடுத்து, இரண்டு கைகளின் விளிம்பிலும் குத்திவிட்டாள். பிறகு நின்றன. போட்டோ எடுப்பதற்காகப் பித்தான்களைப் போட்டுப் பார்த்தார்கள். மேல் இரண்டும் சேர்ந்தன. கீழ் இரண்டும் எட்டவில்லை. வற்புறுத்த வேண்டாம் என்று மாமியார் சொல்லிவிட்டாள். நாங்கள் புளிச்சாதம் சாப்பிட்டுவிட்டு மூன்றரை மணி பஸ்ஸைப் பிடித்தோம்.